பாயிலிருந்து மேடைக்கு: பினாங்குத் தெருக்களில் பிறந்த போரியா

பினாங்கில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளிடம், "நம் சமூகம் இந்த ஊருக்குக் கொடுத்தது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். நாசி கண்டார் என்று உடனே பதில் வரும். கொஞ்சம் யோசித்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சொல்வார்கள். போரியாவை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அது மலாய்க்காரர்களின் பாரம்பரியக் கலை என்றே அவர்கள் படித்திருக்கிறார்கள். மாநில விழாக்களில் ஒரே நிறத்தில் பளபளக்கும் சட்டையும் தொப்பியும் அணிந்து, வரிசையாக நின்று, முன்னால் ஒருவர் பாடப் பின்னால் இருப்பவர்கள் அதையே திருப்பிப் பாடி அசைந்தாடுவதைப் பார்த்தால், இதற்கும் சூலியாத் தெருவுக்கும் என்ன உறவு என்றுதான் தோன்றும்.

உறவு உண்டு. அதுவும் சாதாரண உறவு அல்ல. ஒரு காலத்தில் இந்தக் கூத்தின் பெயரால் ஊர் இரண்டுபட்டது, துப்பாக்கி வெடித்தது, சட்டசபையில் சட்டம் வந்தது. நம் சங்கத்தின் ஐம்பதாண்டு வரலாற்றை இம்மலரில் மற்றவர்கள் எழுதுகிறார்கள். பதிவு பெற்ற சங்கம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் நம்மவர்கள் எப்படிக் கூடினார்கள், கூடியபோது என்ன பாடினார்கள், அந்தப் பாட்டைக் கேட்டு அரசாங்கம் ஏன் அஞ்சியது என்பதை எழுதலாம் என்று நினைத்தேன்.

1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றியபோதே நம்மவர்கள் இங்கு வரத் தொடங்கிவிட்டார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து கெடாவுக்கு வந்து வாணிபம் செய்துகொண்டிருந்த மரைக்காயர்களுக்குப் பினாங்கு புதிய கடை; அவ்வளவுதான். அவர்களோடு தோணிக்காரர்களும் சுமை தூக்குவோரும் தையல்காரர்களும் வந்தார்கள். 1801இல் பள்ளிவாசல் எழுந்தது. கப்பித்தானாக இருந்த காதிர் முகைதீன் மரைக்காயரின் பெயர் இன்றும் அதனுடன் சேர்ந்தே நிற்கிறது. சூலியாத் தெருவும் ராஜா தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் ஷாஹுல் ஹமீது பாதுஷா (ரஹ்) அவர்களின் நினைவாக ஒரு சிறு தர்கா உண்டானது. இந்த வணிகர்களின் விழா என்றால் கந்தூரிதான். கொடியேற்றமும் பாத்திஹாவும் நேர்ச்சைச் சோறும்தான்.

முஹர்ரம் ஊர்வலத்தைக் கொண்டுவந்தவர்கள் வேறு ஆட்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் பட்டாளத்தைச் சென்னையிலிருந்து அனுப்பியது. கைதிகளையும் கப்பலில் ஏற்றி அனுப்பியது. பினாங்கின் சாலைகள் பல அவர்கள் போட்டவை. இந்தச் சிப்பாய்களும் கைதிகளும் தங்கள் ஊர்களில் முஹர்ரம் முதல் பத்து நாளும் பஞ்சா எடுத்தும் தாபூத் கட்டியும் பழகியவர்கள். அதற்கு ஷியாவாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. தமிழ்நாட்டிலும் தக்காணத்திலும் சுன்னத் ஜமாஅத்தார் செய்தார்கள், இந்துக்களும் செய்தார்கள். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் காசவளநாடு புதூர் என்ற ஊரில் இன்றைக்கும் இந்துக் குடும்பங்கள் அல்லா பண்டிகை என்று அதைக் கொண்டாடுகின்றன. ஹிஜ்ரி 61இல் கர்பலாவில் இமாம் ஹுசைன் (ரலி) ஷஹீதான துயரம், நம் பக்கத்து ஊர்களில் துயரமும் திருவிழாவும் கலந்த ஒன்றாக மாறியிருந்தது. புலி வேஷம் போடுகிறவர், பக்கீர் வேஷம் போடுகிறவர், சிலம்பம் சுற்றுகிறவர் எல்லோருக்கும் அதில் இடம் இருந்தது.

போரியா இதிலிருந்துதான் கிளைத்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னைப் பட்டாளம் ஒன்று பினாங்கில் தங்கியிருந்தபோது இது தொடங்கியதாகச் சொல்வார்கள். ஹாட்டன் என்ற ஆங்கில அதிகாரி 1897இல், நீரிணைக் கிளை அரச ஆசியவியல் கழகத்தின் இதழில், போரியா பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். பாயை உடுத்திக்கொண்டு தெருவில் பாடிவரும் வேடக்காரர்களைப் பற்றியும், அவர்கள் சென்னைப் பட்டாளத்தோடு வந்தவர்கள் என்பதையும் அதில் சொல்கிறார். 'போரியா' என்றால் ஹிந்துஸ்தானியில் பாய். ஏழைப் பக்கீர்கள் பாயைப் போர்த்திக்கொண்டு, கர்பலாவின் துயரத்தைப் பாடியபடி வீடு வீடாகச் சென்று காசு வாங்கினார்கள். இன்று மேடையில் மின்னும் சட்டைகளைப் பார்க்கும்போது, முதல் உடை ஒரு கோரைப்பாய் என்பதை நினைத்துக்கொள்வது நல்லது.

ஆரம்பத்தில் பாட்டு ஹிந்துஸ்தானியில். பின்பு கலப்பு. பிறகு முழுக்க மலாய். இந்த மொழி மாற்றத்தில்தான் ஊரின் கதை அடங்கியிருக்கிறது. சிப்பாய் ஊருக்குத் திரும்பிவிட்டான். விடுதலையான கைதிகளில் பலர் இங்கேயே தங்கி மலாய்ப் பெண்களை மணந்துகொண்டார்கள். சூலியா வணிகர்களும் அப்படியே. பிறந்த பிள்ளைகளை ஜாவிப் பெக்கான் என்று அழைத்தார்கள். 'பட்டணத்து ஜாவி' என்று பொருள் கொள்ளலாம். வாப்பா பேசும் தமிழும் உம்மா பேசும் மலாயும் தெரிந்த பிள்ளைகள் தெருவில் கூடிப் பாடும்போது எந்த மொழியில் பாடுவார்கள்? பட்டணத்தில் பிறந்தவர்களின் பாட்டு பட்டணத்துக்குப் பொதுவான மொழிக்குத்தான் போகும்.

அன்றைய பட்டணம் எவ்வளவு சிறியது என்பதைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். பிட் தெருவில் நடந்தால் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தேவி கோயில், அதன் பின்னால் மாரியம்மன் கோயில், பிறகு நம் பள்ளிவாசல் என்று சில நிமிடங்களுக்குள் எல்லாம் வந்துவிடும். சுற்றுலாத் துறையினர் இதை நல்லிணக்கத் தெரு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நல்லிணக்கம் இருந்தது உண்மை. நெருக்கமும் இருந்தது. நெருங்கி வாழ்கிறவர்களிடையே நட்பும் சண்டையும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கும்.

முஹர்ரம் ஊர்வலம் என்றால் செலவு உண்டு. தாபூத் கட்ட வேண்டும், பந்தம் வேண்டும், கொட்டுக்காரர்கள் வேண்டும், வருகிறவர்களுக்குச் சோறு வேண்டும். இதற்காகக் கம்பங்களில் ஆட்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். ஊர்வலத்தில் பிடிக்கும் கொடியின் நிறத்தை வைத்து வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்று இரண்டு அணிகள் உண்டாயின. ஆண்டுக்குப் பத்து நாள் வேலை போக மற்ற நாட்களில் இவை செய்தது என்ன? உறுப்பினர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒத்தாசை, மையித்து விழுந்தால் கஃபன் செலவு, வழக்கு வந்தால் ஆள் பலம். கடைசியில் சொன்னதை நீக்கிவிட்டால், நம் சங்கத்தின் நோக்கங்கள் என்று சட்டவிதியில் எழுதியிருப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை!

இரண்டு கொடிகளிலும் தமிழ் முஸ்லிம்களும் ஜாவிப் பெக்கான்களும் மலாய்க்காரர்களும் கலந்திருந்தார்கள். இது மதச்சண்டை அல்ல, இனச்சண்டையும் அல்ல. தெருவுக்குத் தெரு இருந்த போட்டி. எந்தக் குழுவின் தாபூத் உயரம், எந்தக் குழு முதலில் நாற்சந்தியைக் கடக்கும், எந்தப் பாட்டுக்காரன் எதிரணியை நையாண்டி செய்தான் என்பதெல்லாம் மானப் பிரச்சினை. இந்த நிலையில்தான் சீனர்களின் ரகசியச் சங்கங்கள் இவர்களுடன் கைகோத்தன. கீ ஹின் சங்கம் வெள்ளைக் கொடியோடும், துவா பெக் கொங் சங்கம் சிவப்புக் கொடியோடும் சேர்ந்தன. துறைமுக வேலையும் அபின் குத்தகையும் ஈய வியாபாரமும் பெரிய பணமாக மாறியிருந்த காலம் அது. ஆள் பலம் வைத்திருப்பவனுக்குத்தான் தொழில்.

1867ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து நேரடியாக லண்டனின் கீழ் வந்தன. அடுத்த மாதமே முஹர்ரம். இரு கொடிக்காரர்களுக்கும் கைகலப்பு நடந்தது. ஆகஸ்ட் மாதத்தில் அது முழுக் கலவரமாக வெடித்துப் பத்து நாட்கள் நீடித்தது. ரம்புத்தான் தோலை யாரோ யார் மீதோ எறிந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று இன்றும் ஊரில் சொல்வார்கள். அப்படியே இருந்தாலும், ஒரு பழத்தோலுக்கு ஊரையே எரிக்கும் சக்தி கிடையாது. எரிவதற்கு எல்லாம் தயாராக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. தெருக்களில் தடுப்புகள் போடப்பட்டன, வீடுகள் எரிந்தன, பீரங்கி வரை பேச்சு வந்தது. கேனன் தெரு என்ற பெயரே அந்தக் கலவரத்தின் பீரங்கியால் வந்தது என்பார்கள். ஆச்சே தெருப் பள்ளிவாசலின் மினாராவில் இருக்கும் வட்டமான துவாரத்தைக் காட்டி, குண்டு துளைத்த இடம் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். ஆர்மீனியன் தெருவில் இன்றும் நிற்கும் சையத் அல் அத்தாஸ் மாளிகை, சிவப்புக் கொடியின் தலைவராகக் கருதப்பட்ட வணிகரின் வீடு. வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் சுற்றுலாப் பயணிகளுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. நம் பிள்ளைகளுக்குமா தெரியாமல் இருக்கவேண்டும்?

கலவரம் ஓய்ந்ததும் 1868இல் விசாரணைக் குழு உட்கார்ந்தது. கொடிச் சங்கங்களின் தலைவர்கள், உறுப்பினர்கள், கடைக்காரர்கள் என்று பலர் வந்து சாட்சி சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் முன்னோர்களில் சாதாரண ஆட்கள் பேசியது அரசாங்க ஏட்டில் பதிவாகியிருக்கும் மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று. கப்பித்தான்களின் உயிலும் நிலப்பத்திரமும் கிடைக்கின்றன. தோணிக்காரனின் வார்த்தை விசாரணைக் கூண்டில்தான் கிடைக்கிறது. சங்கங்களுக்கு அபராதம் விழுந்தது. 1869இல் ஆபத்தான சங்கங்களை ஒடுக்கும் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக 1889இல் சங்கங்கள் சட்டம் இயற்றப்பட்டது. எந்தச் சங்கமானாலும் அரசாங்கத்தில் பதிவு செய்யவேண்டும் என்ற ஏற்பாடு அப்போதிருந்து நிலைத்தது. இன்று நாம் ஆண்டுதோறும் பொதுக்கூட்ட அறிக்கையையும் கணக்கையும் சங்கப் பதிவகத்துக்கு அனுப்புகிறோமே, 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி, அந்தச் சட்டத்தின் பாட்டன் இதுதான். செயலாளராக இருந்த காலத்தில் அந்தப் படிவங்களை நிரப்பும்போதெல்லாம் எனக்கு வெள்ளைக் கொடியும் சிவப்புக் கொடியும் நினைவுக்கு வந்ததுண்டு.

முஹர்ரம் ஊர்வலத்தைக் கண்டு பிரிட்டிஷ்காரர்கள் இங்கு மட்டும் பயப்படவில்லை. கூலிகளாக இந்தியர்கள் போன இடமெல்லாம் இதே கதை. கரீபியக் கடலில் இருக்கும் திரினிடாடில், 1884 அக்டோபர் 30ஆம் தேதி, தடையை மீறித் தாபூத் எடுத்து வந்தவர்கள் மீது போலீஸ் சுட்டுப் பலர் இறந்தார்கள். அந்தக் கூட்டத்திலும் இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்தே இருந்தார்கள். ஏழைகள் ஆயிரக்கணக்கில், வேஷம் போட்டுக்கொண்டு, கொட்டு முழக்கத்தோடு நகரத்தின் நடுத்தெருவில் நடக்கிறார்கள் என்பதே ஆட்சியாளர்களுக்குப் போதுமான காரணம்.

பினாங்கில் தாபூத் மெல்ல மறைந்தது. ஊர்வலத்துக்கு அனுமதி வேண்டும், வழி குறிக்கப்படும், நேரம் குறிக்கப்படும். கைதிகளும் 1873இல் இங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். எஞ்சியது பாட்டு. பெரிய ஊர்வலம் சிறு குழுக்களாக உடைந்து, முஹர்ரம் இரவுகளில் பணக்காரர் வீட்டு முற்றங்களுக்குப் போய்ப் பாடிப் பரிசு வாங்கும் வழக்கமாக நிலைத்தது. அடக்குமுறை ஒரு கலையைக் கொல்லும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே அது கலையின் உருவத்தைத்தான் மாற்றியது என்பது என் கருத்து. தெருவை அடைத்துக்கொண்டு போக முடியாதவர்கள் ஓரிடத்தில் நின்று பாடக் கற்றுக்கொண்டார்கள். நின்று பாடினால் பாட்டு நன்றாக இருந்தாக வேண்டும்.

அப்படி உருவான போரியாவின் அமைப்பைச் சொல்கிறேன். குழுவின் உயிர் துக்காங் காராங் என்னும் பாட்டுக்கட்டுபவர். நான்கு வரிச் செய்யுளாகப் பாடிக்கொண்டே போவார். ஒவ்வொரு செய்யுள் முடிவிலும் குழுவினர் முதல் செய்யுளைத் திருப்பிப் பாடுவார்கள். வரிகளின் இறுதி ஓசை ஒன்றாக அமைய வேண்டும். நம் ஊரில் இயைபு என்பார்களே, அதுதான். ஃபிடில், மர்வாஸ், தம்பூர், ஜால்ரா, பிறகு அக்கார்டியன் என்று வாத்தியங்கள் சேர்ந்தன. பாட்டுக்கு முன் ஒரு சிரிப்பு நாடகம். ஆண்டுக்கு ஒரு வேஷம்: ஒரு வருடம் துருக்கியச் சிப்பாய்கள், ஒரு வருடம் அரபிகள், ஒரு வருடம் மாலுமிகள். உலகத்தில் எங்கே என்ன நடக்கிறதோ அது பினாங்குச் சந்தில் உடையாக வரும். பாட்டின் பொருளும் அப்படித்தான். கர்பலா பின்னுக்குப் போய், அரிசி விலை, ஊர்ப் பெரிய மனிதரின் தாராளம், எதிர்க் கம்பத்துக் குழுவின் அசட்டுத்தனம் எல்லாம் முன்னுக்கு வந்தன. பத்திரிகை வாசிக்கத் தெரியாதவனுக்கு அதுவே பத்திரிகை.

இந்த இடத்தில் இன்னொரு பினாங்குக்காரரை நினைவுகூர வேண்டும். 1870களில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் இங்கே வந்து ஹிந்துஸ்தானியில் நாடகம் போட்டன. ஊரே திரண்டு பார்த்தது. அப்படி வந்த குழுவின் திரைகளையும் உடைகளையும் வாங்கி, மாமாக் பூஷி என்ற ஜாவிப் பெரானாக்கான் வணிகர் 1885இல் தன் சொந்த நாடகக் குழுவைத் தொடங்கினார். நாடகம் மலாயில், முக்கிய நடிகர் அவருடைய மருமகன் பாய் காசிம். மலாய் நாடக வரலாற்றில் பங்சாவான் என்று போற்றப்படும் கலை அங்கிருந்துதான் கிளம்பிச் சிங்கப்பூர், சுமத்ரா, ஜாவா என்று பரவியது. பெயரிலேயே மாமாக் இருக்கிறது! நம்மவர்கள் வெறும் கடைக்காரர்கள் என்று யாராவது சொன்னால் இவரைச் சொல்லுங்கள். (அவரும் கணக்குப் பார்த்துத்தான் குழு நடத்தியிருப்பார், சந்தேகமில்லை.) போரியாவின் சிரிப்பு நாடகத்திலும் பாட்டு மெட்டிலும் பங்சாவானின் சாயல் ஏறியது.

போரியாவுக்கு எதிர்ப்பு ஆங்கிலேயரிடமிருந்து மட்டும் வரவில்லை. பள்ளிவாசலிலிருந்தும் வந்தது, அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கு சீர்திருத்த உலமாக்களின் ஊராக விளங்கியது. 1916இல் மத்ரஸா அல் மஷ்ஹூர் தொடங்கப்பட்டது. அதன் தலைமையாசிரியராக வந்த சையத் ஷேக் அல் ஹாதி, பின்னர் ஜெலுத்தோங் அச்சகத்தை நிறுவி, 'அல் இக்வான்', 'சௌதாரா' இதழ்களை நடத்தினார். மார்க்கத்தில் இல்லாத சடங்குகளைக் களைய வேண்டும், காசையும் நேரத்தையும் கல்வியில் போட வேண்டும் என்ற குரல் வலுத்தது. 1922இல் போரியாவின் தீமைகளைப் பற்றி மலாயில் ஒரு தனிப் புத்தகமே வெளியானது. எழுதியவர் முகம்மது யூசுப் பின் சுல்தான் மைதீன். பெயரைப் பாருங்கள். போரியாவை ஆடியவர்களும் நம்மவர்களே, அதை எதிர்த்து எழுதியவரும் நம்மவர் என்றுதான் அந்தப் பெயர் சொல்கிறது.

எதிர்த்தவர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆஷூரா நாளில் நோன்பு வைப்பது சுன்னத். அந்த நாட்களில் ஆண்கள் பெண் வேஷம் போட்டுக்கொண்டு விடிய விடியப் பாடித் திரிவதைத் தீன் அறிந்தவர் எப்படி ஏற்பார்? அடுத்த குழுவை மிஞ்ச வேண்டும் என்று உடைக்காகக் கடன் வாங்கிய குடும்பங்களும் இருந்தன. என் பெரியவாப்பா இளவயதில் ஒரு குழுவில் ஜால்ரா போட்டவர். வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பதால், தைக்கக் கொடுத்த சட்டை தையல் கடையிலேயே இருக்குமாம். அங்கேயே மாட்டிக்கொண்டு போய், அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வருவாராம். வயதான பிறகு அதைச் சொல்லும்போது, "அறியாத வயசு, அல்லாஹ் மன்னிக்கணும்" என்பார். சொல்லி முடித்ததும் விரலால் நாற்காலிக் கையில் தாளம் போடுவார். இரண்டும் உண்மைதான். மார்க்கக் கடமையில் ஒரு பொருளை விட்டுவிடுவது வேறு, வரலாற்றிலிருந்து அதைத் துடைத்துவிடுவது வேறு என்று நான் நினைக்கிறேன். முன்னோர் செய்ததை எல்லாம் நாம் செய்ய வேண்டியதில்லை. செய்தார்கள் என்பதைச் சொல்ல வெட்கப்படவும் வேண்டியதில்லை.

போருக்குப் பிறகு போரியாவுக்குப் புதிய ஆதரவாளர் கிடைத்தார்: அரசியல் கட்சி. 1946இல் அம்னோ தோன்றியது. 1950களில் தேர்தல்கள் வந்தன. ஒலிபெருக்கியில் பேசினால் கலைந்துபோகும் கூட்டம், போரியா பாடினால் நின்று கேட்கும். துக்காங் காராங் செய்யுளில் கொள்கை விளக்கம் ஏறியது. ஒரு காலத்தில் அரசாங்கத்தைப் பயமுறுத்திய அதே நையாண்டி, அரசாங்கத்தின் திட்டங்களைப் பாராட்டும் வேலைக்குப் போனது. முஹர்ரம் மாதத்தோடு இருந்த தொடர்பு அறுந்து, சுதந்திர தினம், பொருட்காட்சி, கல்யாண வீடு என்று எந்த நாளிலும் ஆடலாம் என்றானது. மார்க்க ரீதியான எதிர்ப்பு தணிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். போட்டிகள் நடந்தன. போட்டி என்றால் நடுவர், விதி, நேரக் கணக்கு. பெண்களும் ஆட வந்தார்கள், வரிகள் முன்கூட்டியே எழுதித் தரப்பட்டன.

1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. இந்த மண்ணின் பூர்வ குடிகளின் பண்பாடே தேசியப் பண்பாட்டின் அடித்தளம், பொருத்தமான பிற பண்பாட்டுக் கூறுகள் சேர்க்கப்படலாம், இஸ்லாம் முக்கியக் கூறு என்ற மூன்று கொள்கைகள் அங்கே வகுக்கப்பட்டன. அந்தத் தட்டில் எடைபோட்டுப் பார்த்தபோது போரியா மலாய்க் கலை என்ற பக்கம் போய்ச் சேர்ந்தது. இதில் யாரும் நம்மிடமிருந்து எதையும் பறித்ததாக நான் குற்றம் சொல்ல மாட்டேன். அரசமைப்புச் சட்டத்தின் 160ஆம் விதி, இஸ்லாத்தைப் பின்பற்றி, மலாய் பேசி, மலாய் வழக்கத்தைக் கைக்கொள்பவரை மலாய்க்காரர் என்கிறது. ஜாவிப் பெக்கான் குடும்பங்களில் பெரும்பகுதி அந்த வரையறைக்குள் எப்போதோ போய்விட்டது. நம் சங்க உறுப்பினர்களின் வீடுகளிலேயே, அண்ணன் அடையாள அட்டையில் இந்தியர், தம்பி மலாய்க்காரர் என்று இருப்பதைப் பார்த்திருக்கிறோம். ஆடியவர்களின் இனப்பெயர் மாறியபோது ஆட்டத்தின் பெயரும் அவர்களுடன் போனது. ஆனால், பள்ளிப் புத்தகத்தில் 'இந்தியாவிலிருந்து வந்தது' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது போதாது என்று மட்டும் சொல்வேன். எந்தத் தெருவிலிருந்து, யார் கையால் வந்தது என்று எழுத வேண்டும். ரஹ்மா புஜாங் அவர்கள் போரியாவைப் பற்றி 1987இல் வெளியிட்ட ஆய்வு நூல் போன்றவை இதை ஆராய்ந்துவிட்டன. பாடப்புத்தகம்தான் இன்னும் அங்கே வந்துசேரவில்லை.

அந்தத் தெருக்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போரியா தெருவை நம்பிய கலை. கப்பித்தான் பள்ளிவாசலைச் சுற்றி, வக்பு நிலத்தில், ஒரு முழு முஸ்லிம் கம்பமே முன்பு இருந்தது. 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த முகமதிய, இந்து அறக்கட்டளை வாரியம் வக்பு நிர்வாகத்தை எடுத்துக்கொண்ட பிறகு, குடிசைகள் நீக்கப்பட்டு, சாலை போடப்பட்டு, வரிசைக் கடைகள் எழுந்தன. பக்கிங்காம் தெரு அப்படி வந்தது. பள்ளிவாசலுக்கு வருமானம் பெருகியது; கம்பம் போனது. அதற்கடுத்த இடி 1999இன் இறுதியில் வந்தது. போர்க்காலத்துக்குப் பின் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்தது. சில பத்து வெள்ளி வாடகையில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் ஜெலுத்தோங், பாயான் பாரு, கடல் தாண்டி பட்டர்வொர்த் என்று சிதறின. 2008 ஜூலை 7ஆம் தேதி ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது எல்லோரும் மகிழ்ந்தோம், நானும்தான். கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன. கம்போங் கோலாமில் பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாயின. வீட்டின் முகப்பை இடிக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. வீட்டுக்காரன் போகக்கூடாது என்று விதி போட முடியாதே.

கம்பத்துக்குக் கம்பம் போட்டி இருந்தால்தான் போரியா. எதிர்க் குழுவின் பாட்டை அடுத்த தெருவிலிருந்து கேட்டு, அன்று இரவே அதற்கு மறுசெய்யுள் கட்டிய காலம் அது. இப்போது குழுக்கள் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் அமைகின்றன. பயிற்சி நடக்கிறது, குளிர்சாதன மண்டபத்தில் பத்து நிமிடம் ஆடிப் பரிசு வாங்குகிறார்கள். நன்றாகத்தான் ஆடுகிறார்கள். ஆனால் யாரையும் சீண்டுவதில்லை. அரிசி விலையைப் பாடிய கலை, அரிசி விலையைப் பற்றி இப்போது வாய் திறப்பதில்லை.

இக்கட்டுரைக்காக உறுப்பினர் வீடுகளில் விசாரித்தபோது, ஒரு வீட்டில் மட்டும் பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தது. பத்துப் பதினைந்து இளைஞர்கள் மாலுமிச் சட்டையில் நிற்கிறார்கள். பின்னால் ஒரு கடையின் பலகை பாதி தெரிகிறது. யார் யார் என்று சொல்லக்கூடிய ஆள் யாரும் இல்லை. வேறு வீடுகளிலும் இப்படிப் படங்களும் பாட்டு எழுதிய நோட்டுகளும் இருக்கக்கூடும். இருந்தால் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். படியெடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தந்துவிடுவோம். எழுபது, எண்பது வயதைத் தாண்டிய நன்னா, நன்னிமார் வீட்டில் இருந்தால், எந்தத் தெருவில், எந்த வருடம், என்ன வேஷத்தில் பார்த்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் தமிழ் வரிகள் பாடப்பட்டனவா என்றும் கேளுங்கள். மெட்டு நினைவிருந்தால் கைத்தொலைபேசியில் பதிவு செய்துவிடுங்கள்.